போர் மனிதர்களுக்குச் செய்ததை எட்சிங்கில் பதிப்பது: தகடு முதல் தாள் வரை முழுமையான வழிகாட்டி

போர் ஓவியம் என்றதும் அரண்மனைச் சுவரை நிறைக்கும் எண்ணெய் ஓவியங்கள்தான் பலருக்கு நினைவு வரும். குதிரைமேல் தளபதி, பின்னால் புகை, காலடியில் அடையாளம் தெரியாத சில உடல்கள். அவற்றுக்குக் காசு கொடுத்தவர்கள் வென்றவர்கள். நடுவில் மாட்டிக்கொண்ட ஜனங்களைப் பார்க்க வேண்டுமென்றால், பல சமயம் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் அளவுகூட இல்லாத எட்சிங் தாள்களிடம்தான் போக வேண்டும். நானூறு வருடமாக அந்த வேலையை அவைதான் செய்துவந்திருக்கின்றன.

எட்சிங்கின் அடிப்படை எளியது. உலோகத் தகட்டின் மேல் மெழுகு பூசி, அதில் ஊசியால் வரைகிறோம். ஊசி போன இடத்தில் உலோகம் வெளியே தெரியும். தகட்டை அரிக்கும் திரவத்தில் போட்டால் அந்தக் கோடுகள் மட்டும் பள்ளமாகும். பள்ளத்தில் மை நிரப்பி, மேல்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். இது ஓவியம் வரையத் தெரிந்து, பிரஸ் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போய்வர முடிந்தவர்களுக்கான வழிகாட்டி. பொதுவான எட்சிங் பாடத்தில் இருப்பதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். போரில் அகப்பட்ட மனிதர்களை வரைவது என்று வரும்போது கை எங்கே தயங்க வேண்டுமோ, அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கலாம்.

படி 1: நாலு பேரைப் பாருங்கள்

ஊசியை எடுப்பதற்கு முன்னால் நாலு தொகுப்புகளைப் பொறுமையாகப் பார்த்துவிடுங்கள். பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் நல்ல தெளிவில் கிடைக்கின்றன.

முதலாவது, ழாக் கலோ. பிரான்சின் கிழக்கே இருந்த லொரேன் பகுதிக்காரர். 1633-ல் பிரெஞ்சுப் படை அந்தப் பகுதிக்குள் நுழைந்த அதே வருடம், போரின் துயரங்கள் பற்றிய 18 தகடுகள் கொண்ட தொகுப்பு வெளியானது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் உயரம், 18 சென்டிமீட்டர் அகலம்தான். அதற்குள் கொள்ளை, தீவைப்பு, தண்டனை, பழிவாங்கல் என்று கூட்டம் கூட்டமாக ஆட்கள். பதினோராவது தகட்டில் ஒரு பெரிய மரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தொங்குகிறார்கள். கீழே முரசின் மேல் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பகடைதான் தொங்கும் உடல்களை விடப் பயங்கரம்.

அடுத்தது ஸ்பானிய ஓவியர் கோயா. ஸ்பெயினில் நெப்போலியனின் படைகள் நடத்திய போரும், 1811-12 மாட்ரிட் பஞ்சமும், அதற்குப் பின் வந்த அடக்குமுறையும் சேர்ந்ததுதான் ‘போரின் பேரழிவுகள்’. 1810-லிருந்து சுமார் பத்து வருடம் வேலை செய்தார். உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை. அவர் இறந்தது 1828. மாட்ரிட்டின் சான் ஃபெர்னாண்டோ அகாடமி 80 தகடுகளை வெளியிட்டது 1863. போர்க்காலத்தில் நல்ல செம்புத் தகடு கிடைக்காமல், தன்னுடைய பழைய நிலக்காட்சித் தகடுகளையே வெட்டி இதற்குப் பயன்படுத்தினார்.

மூன்றாவது, ஜெர்மானிய ஓவியர் கெத்தே கொல்விட்ஸ். ஜெர்மானிய விவசாயிகளின் 16-ம் நூற்றாண்டுக் கிளர்ச்சி பற்றி அவர் 1908-ல் முடித்த ஏழு தகடுகள். அதில் ‘போர்க்களம்’ என்ற தகட்டை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்கலாம். இரவு, தரையெங்கும் பிணங்கள் என்பது இருட்டில் மெல்லத்தான் தெரியவரும். குனிந்த ஒரு பெண், கையில் விளக்கு. வெளிச்சம் படுவது இரண்டே இடத்தில்: உழைத்துக் காய்த்த அவளுடைய கையிலும், அவள் தொடும் ஒரு பையனின் முகத்திலும். இது 1907-ல் செய்தது. ஏழு வருடம் கழித்து, 1914 அக்டோபரில், அவருடைய சொந்த மகன் பேட்டர் பெல்ஜியத்தில் போரில் இறந்தான்.

நாலாவது, ஓட்டோ டிக்ஸ். ஜெர்மானிய ஓவியர், முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிப் படையில் இருந்தவர். 1924-ல், பத்துப் பத்தாக ஐந்து உறைகளில், ‘போர்’ என்ற பெயரில் 50 எட்சிங்குகளை வெளியிட்டார். நினைவை மட்டும் நம்பவில்லை. இத்தாலியில் பலெர்மோ நகரத்தின் நிலவறைக் கல்லறையில் பதப்படுத்தி வைத்திருக்கும் சடலங்களைப் பார்த்து வரைந்துவிட்டு வந்துதான் தகட்டில் கை வைத்தார்.

படி 2: எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்?

பெரும்பாலானவர்கள் முதலில் எந்தச் சம்பவத்தை வரைவது என்று யோசிப்பார்கள். அதற்கு முன்னால், பார்க்கிறவரை எவ்வளவு தூரத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தகட்டின் அளவு, ஊசியின் பருமன், இருட்டின் அளவு எல்லாம் இந்த முடிவிலிருந்துதான் பிறக்கும்.

கலோ மேடை நாடகம் பார்க்கிற தூரத்தில் நிற்க வைக்கிறார். அங்கிருந்து போர் ஒரு ஏற்பாடாகத் தெரியும்: யார் உத்தரவு போடுகிறார், யார் வரிசையில் நிற்கிறார், யார் சும்மா வேடிக்கை பார்க்கிறார். தனி ஆளின் வலி தெரியாது. கோயா ஏழெட்டு அடி தூரத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார். டிக்ஸ் சில தகடுகளில் மூச்சுக்காற்று படும் அளவுக்கு நெருங்குகிறார். காயம்பட்டவனின் வாய் நம் முகத்துக்கு நேரே இருக்கிறது.

நெருங்கினால்தான் உருக்கம் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். கோயாவின் 26-வது தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குகை போன்ற இடத்தில் ஆண்களும் பெண்களும் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார்கள். கொல்லப் போகிறவர்கள் படத்திலேயே இல்லை. வலது ஓரத்திலிருந்து துப்பாக்கி முனைகள் மட்டும் உள்ளே நீண்டிருக்கின்றன. நம் கண் இடமிருந்து வலமாகப் போய்ப் பழகியது. முதலில் ஆட்களைப் பார்த்து, அவர்கள் முகங்களைக் கடந்து, கடைசியில்தான் அந்த முனைகளில் போய் முட்டுகிறது. எதை விடுவது என்ற முடிவு இவ்வளவு வேலை செய்யும்.

தூரத்தை முடிவு செய்த பிறகு ஆளைத் தேர்ந்தெடுங்கள். ‘பாதிக்கப்பட்ட மக்கள்’ என்று பொதுவாக யாரையும் வரைய முடியாது. வரைந்தால் எல்லா முகமும் ஒன்றுபோல வாய் திறந்து அழும். இந்தப் பெண், இந்த வயது, கையில் இது இருக்கிறது, இன்னும் ஒரு நிமிடத்தில் இதைச் செய்யப் போகிறாள் என்ற அளவுக்குத் தெரிய வேண்டும். கோயாவின் 44-வது தகட்டில் ஊரே ஓடுகிறது. ஒரு தாய் பின்தங்கிய குழந்தையை இழுக்கிறாள். பக்கத்தில் ஒரு பாதிரியார் பணப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார். அந்தப் பணப்பை இருப்பதால்தான் கீழே எழுதியிருக்கும் ‘நான் இதைப் பார்த்தேன்’ என்பதை நாம் நம்புகிறோம்.

இன்னொரு விஷயம், புகைப்படம் பார்த்து வரைவது. ஈழப் போரின் கடைசி மாதங்களில் எடுத்த படங்கள் இன்னமும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் இருப்பவர்களின் அம்மாவும் அண்ணனும் பிள்ளைகளும் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். அடையாளம் தெரியும் ஒரு முகத்தை அப்படியே தகட்டுக்கு மாற்றி, பிரதி எடுத்து, விலை போடுவது என் கணக்கில் சரி கிடையாது. உடல் கிடக்கும் விதம், துணி சுருண்டிருக்கும் விதம், வெளிச்சம் விழும் திசை ஆகியவற்றைப் படத்திலிருந்து படியுங்கள். முகத்துக்கு ஒரு நண்பரை உட்கார வைத்து வரையுங்கள். கொல்விட்ஸும் கண்ணாடி முன் நின்றும் தன் பிள்ளையை மடியில் வைத்தும்தான் பல உருவங்களை வரைந்தார்.

படி 3: சாமான்களும் பாதுகாப்பும்

முதல் முயற்சிக்கு 15 × 20 சென்டிமீட்டர் தகடு போதும். கோயாவின் தகடுகள் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியவைதான். செம்பு நல்லது, விலை அதிகம். துத்தநாகம் மலிவு, கோடு கொஞ்சம் கரடுமுரடாக வரும். போர்ப் படத்துக்கு அந்தக் கரடுமுரடு சில நேரம் உதவியாகவே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் சரி.

செம்பை அரிக்க ஃபெரிக் குளோரைடு. மின்னணு சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால், சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். துத்தநாகத்துக்கு மயில்துத்தமும் சாதாரண உப்பும் போதும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 75 கிராம் மயில்துத்தம், 75 கிராம் உப்பு. பழைய பட்டறைகளில் நைட்ரிக் அமிலம்தான். கற்றுக்கொள்ளும் நிலையில், அதுவும் வீட்டில், நைட்ரிக் பக்கமே போக வேண்டாம். அதன் புகை நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

எந்தத் திரவமாக இருந்தாலும் கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். ஃபெரிக் குளோரைடு கட்டியாகவோ தூளாகவோ வாங்கினால், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நல்ல சூடு கிளம்பும். தூள்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. செம்பை அரித்த தொட்டியில் துத்தநாகத்தைப் போடவே வேண்டாம். எவர்சில்வர் பாத்திரமும் ஆகாது, பிளாஸ்டிக் தொட்டிதான்.

இவை தவிர: தேன்மெழுகு, தார்ப்பொடி, ரோசின் என்ற பைன் மரப் பிசின் மூன்றும் கலந்த மெழுகு உருண்டை (பட்டறையில் தயாராகவே இருக்கும்), தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் அரக்கு, ஸ்பிரிட், எட்சிங் மை, கஞ்சி மொடமொடப்போடு இருக்கும் மல் துணி, முழுப் பருத்தியில் செய்த தடித்த தாள். ஊசிக்கு ஒரு கோணி ஊசியை மரக்கைப்பிடியில் சொருகி, நுனியைக் கல்லில் தேய்த்து லேசாக மழுக்கினால் போதும்.

படி 4: தகட்டைத் தயார் செய்தல்

நாலு ஓரத்தையும் அரத்தால் சாய்வாக ராவுங்கள். கூராக விட்டால் தாளும் கிழியும், பிரஸ்ஸின் கம்பளியும் கிழியும். பிறகு நைசான உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, உலோகப் பாலிஷ் போடுங்கள். கடைசியில் சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகப் பிரிந்தால் பசை இன்னும் இருக்கிறது.

எவ்வளவு பாலிஷ் என்பதும் ஒரு முடிவுதான். சின்னக் கீறல்கூட அச்சில் சாம்பலாகத் தெரியும். வெறும் வானம் வேண்டுமென்றால் கண்ணாடி மாதிரி ஆக்குங்கள். எரிந்த தெருவை வரையப் போகிறீர்களா? அந்தக் கீறல்கள் கிடக்கட்டும்.

படி 5: மெழுகும் ஊசியும்

தகட்டைச் சூடாக்கி, மெழுகு உருண்டையைத் தேய்த்து, ரோலரால் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். பழுப்பு நிறத்தில், அடியில் உலோகம் லேசாக மின்ன வேண்டும். ஆறியதும் வரையலாம். ஊசி உலோகத்தைக் கீற வேண்டியதில்லை. மெழுகை எடுத்தால் போதும். ஆழத்தைத் திரவம் பார்த்துக்கொள்ளும்.

கலோ வழக்கமான மெழுகுக்குப் பதிலாக வீணை மாதிரியான நரம்பு வாத்தியங்களுக்குப் பூசும் கெட்டி வார்னிஷைப் பயன்படுத்தினார். அது உதிராது, அதனால் நகம் அளவு ஆளைக்கூடத் தெளிவாக வரைந்து, பல தடவை தொட்டியில் போட்டு எடுக்க முடிந்தது. சாய்வாக வெட்டிய நுனியுள்ள ஒரு கருவியும் வைத்திருந்தார். அதைத் திருப்பத் திருப்ப, ஒரே கோடு தடித்து மெலியும். எட்சிங்கில் கோடு தானாகத் தடிக்காது என்பதால் இது முக்கியமான வித்தை. முதுகு வளைந்த ஒருவரின் உருவத்தை அப்படி ஒரு கோட்டில் வாங்கிவிடலாம்.

எழுத்து வந்தால் கண்ணாடி பிம்பமாக எழுதுங்கள். உருவமும் இடம் வலம் மாறும். துப்பாக்கியை வலது தோளில் வைத்திருப்பவர் அச்சில் இடது கைக்காரர் ஆகிவிடுவார்.

கொல்விட்ஸின் வழி வேறு. மெழுகில் கொழுப்பு சேர்த்து மெத்தென்று ஆக்கி, அதன்மேல் கோடு ஓடிய தாளையோ துணியையோ வைத்து அழுத்தினால் அந்த நெசவே பதிந்துவிடும். இடம்பெயர்ந்து போகிறவர்களை வரைகிறவர்கள் இதை முயலலாம். சாக்கு, பழைய சேலைத் துண்டு, காயத்துக்குக் கட்டும் துணி, எது வேண்டுமானாலும் வைத்து அழுத்திப் பார்க்கலாம். ஒரு இடத்தில் மட்டும் வைத்தால் அழகு. தகடு முழுக்க வைத்தால் துணிக்கடை மாதிரி ஆகிவிடும்.

படி 6: அரித்தல்

முதலில் ஒரு சின்னத் துண்டில் சோதனை. ஒரே மாதிரி கோடுகள் போட்டு, 5 நிமிடம், 15 நிமிடம், 40 நிமிடம் என்று வெவ்வேறு நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். திரவத்தின் அடர்த்தி, அன்றைய வெயில், திரவம் எத்தனை தகடு பார்த்தது எல்லாம் வேகத்தை மாற்றும். மே மாதச் சென்னையில் பிடிக்கிற நேரம் டிசம்பர் ஊட்டிக்குப் பொருந்தாது.

ஃபெரிக் குளோரைடில் அரிபடும் உலோகத்தின் வண்டல் கோட்டுக்குள்ளேயே தங்கி அரிப்பைத் தடுக்கும். அதனால் தகட்டைச் செங்குத்தாகவோ, முகம் கீழே பார்க்கும்படி சின்னக் கட்டைகள் மேலோ வையுங்கள். தகட்டின் பின்பக்கத்தை டேப் ஒட்டி மூடுவதை மறக்க வேண்டாம். மயில்துத்தக் கரைசலில் செம்பு பஞ்சு மாதிரி படியும். ஒரு கோழி இறகால் தடவி விலக்கிக்கொண்டே இருங்கள்.

அப்புறம்தான் இந்தக் கலையின் மையமான வேலை. மெல்லியதாக நிற்க வேண்டிய கோடுகள் போதுமான அளவு அரிபட்டதும் தகட்டை எடுத்துக் கழுவி, அவற்றின் மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தூரிகையால் பூசி மூடிவிடுங்கள். மறுபடி தொட்டியில் போட்டால் மற்றவை ஆழமாகும். இப்படி மூன்று நாலு சுற்று. கடைசிவரை திறந்திருந்த கோடு நல்ல கறுப்பு.

எது கடைசிவரை திறந்திருக்க வேண்டும்? பழக்கப்படி முன்னால் இருப்பது கறுப்பு, தூரத்தில் இருப்பது மெல்லிசு. கலோ அப்படித்தான் செய்தார். ஓரத்தில் பெரிய கறுத்த உருவங்கள், நடுவில் வெளிறிய கூட்டம். போரைப் பற்றிய படத்தில் இதை ஒரு தடவை தலைகீழாக யோசித்துப் பாருங்கள். எரியும் வீடு, துப்பாக்கி, சீருடை எல்லாம் கண்ணை ஏற்கெனவே இழுப்பவை. அவற்றுக்கு ஆழமான கறுப்பையும் கொடுத்துவிட்டால், பார்க்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். ஆழமான கோட்டை ஒரு கைக்கு, செருப்பில்லாத ஒரு காலுக்கு, ஒரு குழந்தையைச் சுற்றிய துணிக்குக் கொடுங்கள். துப்பாக்கி ஐந்து நிமிடக் கோட்டோடு நிற்கட்டும்.

படி 7: அக்வாடின்ட், அதாவது இருட்டு

கோடுகளால் மட்டும் சாம்பல் நிறத்தைப் பரப்ப முடியாது. அதற்கு ரோசின் தூளைத் தகட்டில் பனி விழுவது போல் தூவி, அடியிலிருந்து சூடு காட்டி, மணிகள் உருகிக் கண்ணாடி போல் தெளியும் நேரத்தில் நிறுத்த வேண்டும். திரவம் அந்தப் பொடிமணிகளுக்கு நடுவே அரிக்கும். மணலைப் போன்ற ஒரு பரப்பு உண்டாகி மையைப் பிடித்துக்கொள்ளும். ரோசின் தூள் மூச்சுக்கு ஆகாது, முகமூடி போடாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. காற்றில் பறக்கும் தூள் தீயைக் கண்டால் வெடிக்கும் என்பதால், தூவும் இடத்தில் அடுப்பு எரியக் கூடாது. இத்தனை தொல்லை வேண்டாம் என்றால், கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட்டைத் தூரத்திலிருந்து மெல்லத் தூவியும் ஓரளவு இதே விளைவைப் பெறலாம்.

நேரம் இங்கே நொடிக்கணக்கில் ஆரம்பிக்கும். 15 நொடி, 30 நொடி, ஒரு நிமிடம், இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும் சோதனைப் பட்டை ஒன்று செய்து சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டியில் போடுவதற்கு முன்பே அரக்கால் மூடிவிட வேண்டும். ஆக, அக்வாடின்ட்டில் முதல் முடிவு வெளிச்சம் எங்கே என்பதுதான்.

டிக்ஸின் தொகுப்பில் வெளிச்சக் குண்டுகள் ஒளியூட்டும் ஒரு குழிக்களம் இருக்கிறது. ஆளே கிடையாது. கறுப்பில் வெறும் பள்ளங்களின் விளிம்புகள் மட்டும் நிலவின் மேற்பரப்பு மாதிரி வெளுத்திருக்கின்றன. அது அக்வாடின்ட்டின் உச்சம். அவர் இன்னொன்றும் செய்தார். மெழுகு ஓட்டை வழியாகத் திரவம் இறங்கிப் புள்ளி புள்ளியாக அரித்தால், மற்ற பட்டறைகளில் தகடு கெட்டுவிட்டது என்று வருத்தப்படுவார்கள். டிக்ஸ் அந்த அரிப்பை வேண்டுமென்றே வரவழைத்தார். அழுகும் தோலும், நனைந்த சீருடையும், சேறும் அந்த அரிப்பிலேயே வந்துவிடுகின்றன. மூடாமல் விட்ட பெரிய பரப்பைத் திரவத்தில் நீண்ட நேரம் போட்டால், நடுவில் மை நிற்காமல் விளிம்பில் மட்டும் தேங்கும். காயத்தின் ஓரம் போலவே இருக்கும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். அரிப்பின் அழகு கையைப் பிடித்து இழுக்கும். புண்ணை இன்னும் நன்றாகப் புண்ணாக்கலாமே என்று தோன்றும். டிக்ஸிடமே சில தகடுகளில் அந்த ருசி எட்டிப்பார்க்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பதுங்குகுழியில் உறைந்துபோன எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தகரக் குவளையிலிருந்து சாப்பிடும் சிப்பாயின் தகட்டைப் பார்க்கும்போது அந்தக் குறையைச் சொல்ல முடியாது. அவனுக்குப் பசிக்கிறது, பக்கத்தில் இருப்பது பழகிவிட்டது. பழகிப்போனதைக் காட்ட ரத்தம் தேவைப்படவில்லை.

படி 8: சோதனை அச்சு, திருத்தம்

மெழுகைக் கரைத்து எடுத்துவிட்டு ஒரு அச்சு எடுங்கள். நினைத்தபடி வந்திருக்காது, யாருக்கும் வராது. இங்கிருந்து தகட்டை மேலும் கீழும் நகர்த்தலாம். கறுப்பு போதவில்லை என்றால் மறுபடி மெழுகு பூசி அரிக்கலாம். மென்மையான ஒரு கோடு வேண்டுமென்றால், ஊசியால் நேரடியாக உலோகத்தைக் கீறலாம். அந்தக் கீறலின் ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்து வெல்வெட் மாதிரி கறுப்பு தரும். பத்திருபது அச்சுக்குள் அது மழுங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கறுப்பு அதிகமானால் சுரண்டியால் சுரண்டி, நகைப் பட்டறையில் மெருகேற்றும் கருவி போன்ற வழுவழுப்பான எஃகால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க வெளிச்சம் திரும்பி வரும். கோயா அக்வாடின்ட் பரப்பை இப்படித் தேய்த்து ஒளி எழுப்பிய இடங்கள் உண்டு. விளக்கு, பனி, விடிகாலை எல்லாவற்றையும் இப்படிக் கடைசியில் சேர்ப்பது நல்லது, ஏனென்றால் அதற்குள் எந்த முகத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு நிலையிலும் ஒரு அச்சைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது நிலையைவிட இரண்டாவதுதான் நன்றாக இருந்தது என்று தெரியவரும் நாள் ஒன்று வரும்.

படி 9: அச்சடித்தல்

தாளை அரை மணி நேரம் ஊற வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றி எடுங்கள். தாளில் ஈரம் இருக்கலாம், தண்ணீர் மினுங்கக் கூடாது. லேசாகச் சூடாக்கிய தகட்டில் மையைப் பள்ளங்களுக்குள் அழுத்தித் திணித்து, மல் துணியை உருண்டையாக்கி வட்டமாகத் துடையுங்கள். கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் சாக் தூள் தொட்டு ஒரு துடைப்பு. பிறகு பிரஸ்ஸில் தகடு, மேலே தாள், அதன்மேல் கம்பளிகள். ஒரே சீராகச் சக்கரத்தைச் சுற்றுங்கள், நடுவில் நிறுத்தினால் கோடு விழும்.

எவ்வளவு துடைப்பது என்பதில் ஒரு பழைய வழக்கே இருக்கிறது. கோயா உயிரோடு இருந்தபோது எடுத்த சோதனை அச்சுகள் சுத்தமாகத் துடைத்தவை. வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். 1863 பதிப்பில் அந்தக் கால ரசனைப்படி தகட்டின் மேல் மெல்லிய மைப் படலத்தை விட்டு அச்சடித்தார்கள். படம் மூட்டம் போட்டு, கொஞ்சம் உணர்ச்சிமயமாகத் தெரிகிறது. பஞ்சத்தில் விழுந்து கிடப்பவர்களைச் சுற்றிப் பட்டப்பகல் வெள்ளை இருந்தால், இது எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது என்று உறுத்தும். அதே இடத்தில் பழுப்பு மூட்டம் வந்தால் என்றோ நடந்த துக்கமாகிவிடுகிறது. நான் சுத்தமாகத் துடைக்கிற கட்சி.

மை ஒரு துளி இல்லாமலும் முடியும். சிட்டகாங்கில் பிறந்த சோம்நாத் ஹோர், 1971 வாக்கில் ‘காயங்கள்’ என்ற வரிசையைத் தொடங்கினார். மெழுகையும் களிமண்ணையும் கத்தியால் கீறி, சூட்டுக்கோலால் சுட்டு, அதிலிருந்து சிமென்ட் அச்சு வார்த்து, அதன்மேல் தாள்கூழை அழுத்தி எடுத்தார். வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். 1943 வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்து வரைந்தவர் முப்பது வருடம் கழித்து ஆளையே எடுத்துவிட்டு, வடுவை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார். பக்கவாட்டு வெளிச்சம் இல்லாமல் அவற்றைப் பார்க்கவே முடியாது.

வேலை முடிந்ததும் தகட்டில் உள்ள மையைச் சமையல் எண்ணெயால் துடைத்து எடுக்கலாம். தீர்ந்துபோன திரவத்தைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைத்து அடங்கும்; வண்டல் அடியில் படியும். அதில் செம்பு இருப்பதால் தனியாக மூடி வைத்து, ரசாயனக் கழிவு வாங்குகிறவர்களிடமோ பட்டறையிலோ கொடுத்துவிடுங்கள்.

படி 10: தலைப்பு, வரிசை, பிரதி

கோயா தலைப்புகளைப் பேச்சு மாதிரி வைத்தார்: ‘பார்க்கவே முடியாது’, ‘இதற்கு வழியே இல்லை’, ‘ஒரு குவளையால் என்ன பயன்?’ கடைசியாகச் சொன்னது பஞ்சத் தகடு. சாகக் கிடப்பவருக்கு ஒரு பெண் குடிக்கக் கொடுக்கிறாள். டிக்ஸ் நேர் எதிர்: இடம், மாதம், வருடம் என்று ராணுவக் குறிப்பு போல எழுதுவார். இரண்டும் வேலை செய்யும். வேலை செய்யாதது ‘வலி’, ‘மௌனம்’, ‘கண்ணீரின் நிறம்’ வகைத் தலைப்புகள். படம் செய்த வேலையைத் தலைப்பு கெடுத்துவிடும்.

ஒரு தகட்டோடு நிறுத்தலாம், தப்பில்லை. தொகுப்பாகச் செய்வதானால் வரிசையை யோசியுங்கள். கலோவின் கடைசித் தகட்டில் அரசர் தளபதிகளுக்குப் பரிசு கொடுக்கிறார். பதினேழு தகடு பார்த்த பிறகு அங்கே வருகிறவருக்கு அந்தப் பரிசு எப்படித் தெரியும் என்பதை அவர் நமக்கே விட்டுவிட்டார்.

பிரதிகளின் எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்து, பென்சிலால் 1/20, 2/20 என்று இடது ஓரத்தில் எழுதி, வலது ஓரத்தில் கையெழுத்து போடுங்கள். டிக்ஸின் தொகுப்பு 70 பிரதி அச்சானது. பிக்காசோ 1937-ல், ஸ்பானியக் குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஃபிராங்கோவைக் கிண்டல் செய்து செய்த இரண்டு தகடுகளை, ஒவ்வொன்றிலும் ஒன்பது சின்னக் கட்டங்களாகப் பிரித்தார். கட்டங்களை வெட்டித் தபால் அட்டையாக விற்று ஸ்பானியக் குடியரசுக்கு நிதி சேர்ப்பது திட்டம். விலையைப் பற்றி யோசிக்கும்போது இதையும் ஒரு வழியாக எண்ணிப் பாருங்கள்: சில பிரதிகள் சட்டகத்துக்கு, மலிவான தாளில் இன்னும் பல பிரதிகள் கைக்குக் கை போக.

தகட்டை எடுத்து வைக்கும்போது மெல்லிய மெழுகு பூசி, அமிலமில்லாத தாளில் சுற்றுங்கள். அதோடு ஒரு துண்டுச் சீட்டு: எந்த மை, எந்தத் தாள், எவ்வளவு துடைக்க வேண்டும், உங்களுக்குப் பிறகு யாராவது அச்சடிக்கலாமா கூடாதா. கூடாது என்றால் இரண்டு மூலைகளைக் குறுக்காக இணைத்து ஆழமாக ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டோடு ஒரு அச்சும் எடுத்துச் சீட்டுடன் வைத்துவிடுங்கள்.